பச்சை கிளம்பிருச்சு

அப்பாவின் பச்சை வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போன அன்றைக்கு ஊரே எனக்கு வழிவிட்டது. முதலில், எதிரே வந்த எண்ணெய் லாரி. அவ்வளவு பெரிய லாரி, நான் வளைவில் திரும்பும்போதே சேற்று ஓரத்தில் இறங்கி, விளக்கைப் போட்டுக்கொண்டு, நான் கடக்கும்வரை அசையாமல் நின்றது. கொஞ்ச தூரத்தில் நாயோடு நடந்து வந்த ஒரு பெண்மணி நாயை அள்ளித் தூக்கிக்கொண்டு கல்சுவருக்கு அந்தப்பக்கம் போய் நின்று கை அசைத்தாள். நாய் ஒன்றும் சின்ன நாய் இல்லை, கன்றுக்குட்டி கனம் இருக்கும். தேவாலயத்துக்குப் பக்கத்தில் தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தவர், கடிதங்களை வாயில் கவ்விக்கொண்டு வீட்டுப் படியில் ஏறிவிட்டார். எல்லோரும் கை அசைத்தார்கள். நானும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி, அப்பா செய்கிற மாதிரியே பதில் மரியாதை செய்தேன். ஏப்ரல் மாதச் சேறு கண்ணாடி முழுக்கத் தெறித்திருந்தது. உள்ளே இருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முந்தின சனிக்கிழமைதான் அப்பா சொல்லியிருந்தார். "நாடு குட்டிச்சுவராப் போச்சும்மா, ஒத்துக்கறேன். வாஷிங்டன்ல ஒருத்தன் என் சட்டைப் பையில கைய விடுறான், இன்னொருத்தன் என் படுக்கையறைக்குள்ள தலைய விடுறான். ரெண்டு கட்சிக்கும் அதுதான் வித்தியாசம். ஆனா நம்ம ஆஷ்வெல் ஊர்ல மரியாதைன்னு ஒண்ணு இன்னும் இருக்கு. இப்பல்லாம் என் வண்டியப் பாத்தா ஒதுங்கி வழிவிட்டுட்டுத்தான் போறாங்க. முன்னாடிகூட இப்படி இல்ல." எண்பத்தோரு வயதில் ஒரு மனிதருக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் இருபது வருஷமாக உட்கார்ந்து, வாயைத் திறக்கிறவர்கள் சொல்வதில் பாதி பொய் என்று தெரிந்தவள் நான். ஆனாலும் உறைக்கவில்லை.

நான் இருப்பது முக்கால் மணி நேரத் தூரத்தில். சனிக்கிழமை தோறும் வருவேன். அம்மா இருந்தபோது சனிக்கிழமை ராத்திரிக்கு அவித்த பீன்ஸும் கருப்பு ரொட்டியும்தான், அம்மா போன பிறகும் அதை மாற்ற அப்பா விடவில்லை. அன்றைக்கு வந்து நிறுத்தியதும் என் கார் பாட்டரி செத்துவிட்டது. பால் வாங்க வேண்டும். "சாவி ஆணியில தொங்குது, எடுத்துட்டுப் போ. பெல்ட்டு போடாத, அது மாட்டிக்கிட்டா கழராது," என்றார் அப்பா. அந்த வண்டியின் பெல்ட்டை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் மாநிலத்தில் பெரியவர்கள் போட்டே ஆகவேண்டும் என்று சட்டமும் இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்ல அப்பா வைத்திருக்கும் காரணங்களில் அது முதலாவது.

வெர்னாவின் கடைக்குள் நுழைந்தபோது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். ஊரில் அது ஒன்றுதான் கடை. வெர்னாவுக்கு எழுபது வயது, எங்கள் அம்மாவின் சினேகிதி. ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்திருக்கிறாள், கதவைத் திறந்து நான் உள்ளே வந்ததைக் கவனிக்கவில்லை.

"இரு டெல்ஃபீன், பதறாத. பச்சைதான், ஆனா எறங்குனது லோர்னா. பெருசு வரல. எல்லாருக்கும் சொல்லிடு, புள்ளைங்கள வெளிய விடலாம்னு," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். ஃபோனை வைக்க இடம் தெரியாமல் ரொட்டிகளுக்கு நடுவே வைத்தாள்.

"புள்ளைங்கள வெளிய விடலாம்னா என்ன அர்த்தம்?" என்றேன்.

"பால்தானே? முழுப்பாலா, கொழுப்பெடுத்ததா?"

"வெர்னா."

"உங்கப்பாவுக்கு முழுப்பால்தான் பிடிக்கும்," என்று சொல்லிக்கொண்டே குளிர்பெட்டிப் பக்கம் போனவள், பாதியில் நின்றுவிட்டாள். "சரி. இன்னிக்கு இல்லன்னா நாளைக்குத் தெரியத்தான் போகுது."

சொன்னாள். அப்பாவின் வீட்டுக்கு எதிர்வீடு டெல்ஃபீன் வீடு. பச்சை வண்டி முற்றத்தை விட்டு இறங்கினால் டெல்ஃபீன் வெர்னாவைக் கூப்பிடுவாள். "பச்சை கிளம்பிருச்சு," என்பாள், அவ்வளவுதான். வெர்னா வளைவில் இருக்கும் வீடுகளுக்குச் சொல்வாள். அவர்கள் மலையடியில் இருப்பவர்களுக்குச் சொல்வார்கள். பிள்ளைகள் உள்ளே வருவார்கள், அல்லது சுவர் மேல் ஏறிக்கொள்வார்கள். எண்ணெய் லாரிக்காரனுக்குக்கூடச் சொல்லியிருக்கிறார்கள். சாலையோரம் இருந்த தபால் பெட்டிகளைச் சிலர் ஆறடி உள்ளே தள்ளி நட்டுவிட்டார்கள். அப்பா கடைக்கு வந்து காப்பி குடித்து, உச்ச நீதிமன்றத்தைத் திட்டி முடித்து வீடு திரும்பியதும் டெல்ஃபீன் மறுபடி கூப்பிடுவாள்: "பச்சை வந்துருச்சு." போன நவம்பரிலிருந்து இப்படித்தான் நடக்கிறதாம்.

"நவம்பர்ல என்ன நடந்துச்சு?"

"டேரல் பொண்ணு ஹாட்டி இருக்கா இல்ல, எட்டு வயசு. வளைவுல ஊதா சைக்கிள்ல வந்துருக்கா. உங்கப்பா அவ வந்த பக்கமே வண்டிய விட்டுட்டாரு. புள்ள சைக்கிள விட்டுட்டுப் பள்ளத்துல குதிச்சுட்டா. ஒரு சிராய்ப்புகூட இல்ல, ஆண்டவன் காப்பாத்துனான். சைக்கிள் அப்பளமாப் போச்சு. அவருக்குத் தெரியவே தெரியாது. ஏதோ கிளை கெடந்துச்சு, ஏத்திட்டேன்னு இங்க வந்து சொன்னாரு. இதோ இங்க உக்காந்து ஒரு டோனட்டும் சாப்பிட்டாரு."

வெர்னா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"அது உங்க குடும்ப விஷயம் லோர்னா. அடுத்தவங்க வீட்டு விஷயத்துல நாங்க தலையிடறதில்ல. உனக்குத் தெரியாததா."

"தலையிடாமதான் ஊர் முழுக்க ஃபோன் போட்டுக்கிட்டு இருக்கீங்களா?"

"அது வேற," என்றாள் வெர்னா, நிஜமாகவே அது வேறு என்ற முகத்தோடு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பாலை மறந்து வெளியே வந்துவிட்டேன். வண்டியின் முன்பக்கத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். விளக்குக்குக் கீழே ஒரு நீளக் கீறல், அதில் கொஞ்சம் ஊதா நிறம் ஒட்டியிருந்தது. ஐந்து மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வண்டியைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குள் போயிருக்கிறேன்.

எங்கள் அப்பா ஆரின் டாஸ்கரின் அபிப்பிராயங்கள் தெரியாதவர்கள் இந்த வட்டாரத்தில் கிடையாது. இங்கே குப்பை அள்ள யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள், சனிக்கிழமை காலையில் அவரவர் குப்பையை அவரவரே கிடங்குக்குக் கொண்டுபோய்ப் போடவேண்டும். அப்பாவுக்குக் குப்பை இருக்கிறதோ இல்லையோ கிடங்குக்குப் போய்விடுவார். அதிபர் தேர்தல் வந்தால் பெரிய பெரிய வேட்பாளர்கள் எல்லாம் கை குலுக்க அங்கேதான் வருவார்கள். அப்பா கையைக் கொடுக்காமல், "நாலு வருஷத்துக்கு வாடகைக்கு வர்ற. வீட்டுக்காரன் மாதிரி பேசாம இருப்பியா?" என்று கேட்பார். நீதிபதிகளைப் பற்றி: "ஒம்போது பேரு கருப்பு அங்கி போட்டுக்கிட்டு, அரசியல் சட்டத்த எழுதுனவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு தேடுறாங்க. என் பொண்டாட்டி மனசுல என்ன இருந்துச்சுன்னு நான் நாப்பத்தாறு வருஷம் தேடினேன், கெடைக்கல." ஜூரியைப் பற்றி மட்டும் நல்லபடியாகச் சொல்வார். பன்னிரண்டு சாதாரண ஆட்கள், குற்றம் சொல்கிறவன் எதிரே வந்து நின்று முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும், இந்த நாட்டில் உருப்படியான விஷயம் அது ஒன்றுதான் என்பார். பெயர் போடாமல் புகார் கொடுப்பவனை அவர் மனித ஜாதியிலேயே சேர்ப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரு வாக்கியத்தில் முடிப்பார்: "என் வேலி வரைக்கும் நான் ராஜா. வேலியத் தாண்டுனா நான் விருந்தாளி."

வெறும் வாய்ச்சொல் என்றால் ஊர் எப்போதோ சிரித்துவிட்டுப் போயிருக்கும். எழுபத்தைந்து தாண்டியவர்கள் மறுபடி வண்டி ஓட்டிக் காட்டினால்தான் உரிமம் என்று ஒரு சட்டம் இங்கே முன்பு இருந்தது. அதை நீக்குவதற்குத் தலைநகரில் விசாரணை வைத்தபோது, யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றபோது, அப்பாவும் போய்ப் பேசினார். அவருக்கு அப்போது அறுபத்தாறு. "தப்பு செஞ்சவனத்தான் சட்டம் பிடிக்கணும். பொறந்த தேதிய வச்சு ஒருத்தன சந்தேகப்படக்கூடாது," என்றார். நான்தான் கூட்டிப்போனேன், நான்தான் முதலில் கை தட்டினேன். இன்றைக்கும் அது சரியான பேச்சு என்றுதான் நினைக்கிறேன். அதுதான் சங்கடமே.

டேரலின் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினேன். வீடு என்றால் நீளமான தகர டிரெய்லர், சுற்றிலும் ஓடாத கார்கள். டேரல் ஒரு என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவன், வண்டிச் சத்தம் கேட்டதும் விருட்டென்று நிமிர்ந்து முதலில் பிள்ளை எங்கே என்று பார்த்தான். பிறகுதான் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"நீங்களா," என்றான், கையைத் துடைத்துக்கொண்டு.

"இப்பதான் தெரிஞ்சுது டேரல். சைக்கிள் விஷயம். என்ன சொல்றதுன்னே தெரியல."

"ஒண்ணும் சொல்ல வேணாம். புள்ள நல்லா இருக்கா."

"போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே. ஒரே வார்த்தை. கூப்பிட்டுக் கண்ணப் பாத்துருப்பாங்க."

அவன் கை துடைத்த துணியை மடித்தான். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி இந்த டிரெய்லர எடுத்துட்டுப் போயிடணும்னு ஊர்க்கூட்டத்துல தீர்மானம் வந்துச்சு. பாக்க அசிங்கமா இருக்காம். ஹாட்டி அப்ப ரெண்டு வயசு. அத்தனை பேரும் அட்டையத் தூக்கி ஓட்டுப் போடத் தயாரா இருந்தாங்க. உங்கப்பா எந்திரிச்சாரு. அவருக்கும் எனக்கும் அதுவரைக்கும் பேச்சே கெடையாது. 'அசிங்கம்னா திரும்பிப் பாக்காதீங்க. அவன் நிலத்துல அவன் இருக்கான்'னாரு. அவ்வளவுதான் பேசினாரு. தீர்மானம் தோத்துப்போச்சு." டேரல் டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தான். "அந்த மனுஷனப் போயி நான் போலீஸ்ல சொல்லவா?"

"உன் புள்ள செத்துருந்தா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. டேரலின் முகம் சுருங்கிவிட்டது.

"ராத்திரியெல்லாம் அதத்தான் நெனைக்கிறேன்," என்றான். "நாங்க சொல்ல முடியாதுங்க. நீங்க சொல்லலாம்."

வீட்டுக்கு வந்தபோது அப்பா அடுப்பில் பீன்ஸைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். ரேடியோவில் யாரோ வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், இவர் இங்கிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காப்பி ஊற்றினார். ஊற்றும்போது ஆள்காட்டி விரலைக் கோப்பைக்குள் விட்டிருந்தார். காப்பி விரலைத் தொட்டதும் நிறுத்தினார். எத்தனை நாளாக இப்படி ஊற்றுகிறாரோ. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

"பால் எங்க?" என்றார்.

"மறந்துட்டேன். அப்பா, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும். முகத்தப் பாத்துச் சொல்லணும்."

அப்படிச் சொன்னால் அவர் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். உட்கார்ந்தார். ரேடியோவை நான் அணைத்தேன். சைக்கிளைச் சொன்னேன். ஹாட்டி பள்ளத்தில் குதித்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. எங்கள் அப்பா குறுக்கே பேசாமல் ஒரு பேச்சைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. முடித்ததும், "கிளைன்னு நெனச்சேன்," என்றார்.

"கண்ணு எப்படி இருக்குப்பா?"

"நேராப் பாத்தா நடுவுல ஒரு அழுக்கு மாதிரி இருக்கு. ஓரத்துல எல்லாம் சுத்தமாத் தெரியுது. அதனால தலைய லேசா திருப்பி வச்சுக்கிட்டு ஓட்டுறேன். பழகிருச்சு." இதை ஒரு நல்ல உபாயம் சொல்லித்தருகிறவர் மாதிரி சொன்னார்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா அவன் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்புவான். என் கண்ணு என்னோடது." குரல் ஏறியது. "லோர்னா, இன்னிக்குக் கண்ணும்பாங்க. நாளைக்கு அடுப்பு பத்தவைக்கக் கூடாதும்பாங்க. அப்புறம் தனியா இருக்கக் கூடாதும்பாங்க. ஒரு ஹோம்ல கொண்டுபோய் நாற்காலியில உக்கார வச்சு, மத்தியானம் ரெண்டு மணிக்குக் காகிதப் பூ செய்யச் சொல்லுவாங்க. உன் அத்தைய அப்படித்தான செஞ்சாங்க? பாதுகாப்பு, பாதுகாப்புன்னு சொல்லியே கடைசியில ஆள உயிரோட பொதச்சிருவாங்க. எனக்கு இந்த வண்டி போச்சுன்னா நான் போயிட்டேன். கிடங்குக்குப் போகமுடியாது, கடைக்குப் போகமுடியாது. யாராவது கூட்டிட்டுப் போவாங்களான்னு ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கணும். அது சுதந்திரமா?"

அத்தனையும் நியாயம். அத்தையை நான்தான் வாரா வாரம் போய்ப் பார்த்தேன், அந்தக் காகிதப் பூக்கள் இன்னும் என் கார் டிக்கியில் கிடக்கின்றன. ஆனால் ஹாட்டி இருந்தாளே, அந்த வளைவில், எட்டு வயதில்.

"ரோடு உங்க வேலிக்கு அந்தப்பக்கம்பா," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். என்னை என்றால், என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ.

"என் மேல புகார் இருந்தா டேரல் வந்து என்கிட்ட சொல்லிருக்கணும். ஊர்ல எவனும் சொல்லல. எல்லாரும் மரியாதையாத்தான் ஒதுங்குறாங்க. நீயே பாத்திருப்ப இன்னிக்கு, வண்டியில போனப்ப."

இதைச் சொல்லாமல் முடித்துவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கண்ணை மட்டும் பேசினால் போதும் என்று. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் அவர் நாளைக்கும் ஓட்டுவார். டெல்ஃபீனைச் சொன்னேன். ஃபோனைச் சொன்னேன். பச்சை கிளம்பிருச்சு என்று சொல்லி ஊர் பிள்ளைகளை உள்ளே அழைப்பதைச் சொன்னேன். நகர்த்தி நட்ட தபால் பெட்டிகளைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் எனக்குத் தெரியாத ஒரு கிழவரின் முகமாக ஆகிக்கொண்டு வந்தது. அவர் கை மேஜைமேல் காப்பிக் கோப்பையைத் தேடியது, நான் நகர்த்திக் கொடுத்தேன், எடுக்கவில்லை.

"பொய்," என்றார் கடைசியில். "வெர்னா கதை கட்டுறா."

"சரி. பொய்யின்னு வச்சுக்கலாம்."

"நாளைக்குக் காலையில நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து பாக்கிறேன். ஓரத்துல எனக்கு உன்னவிட நல்லாத் தெரியும். நீ சொன்னது பொய்யா இருந்தா இந்தப் பேச்ச மறுபடி எடுக்கக் கூடாது."

"நெசமா இருந்தா?"

"பீன்ஸ் ஆறிப்போச்சு," என்றார்.

என் கார் அசையாது என்பதால் அன்றைக்கு அங்கேயே தங்கினேன். காலையில் அவர் எனக்கு முன்னால் எழுந்து, சவரம் செய்து, ஊர்க்கூட்டத்துக்குப் போடும் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். தாடையில் ஒரு பக்கம் வெள்ளை முடி அப்படியே விடப்பட்டிருந்தது. சொல்லலாமா என்று பார்த்தேன், சொல்லவில்லை. தன் வண்டியில் பக்கத்து ஆள் ஏறும் வலது கதவை அவர் திறந்ததே இல்லை போலிருக்கிறது, கைப்பிடி எங்கே என்று தடவினார். ஏறி உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டார், இரண்டு ஓரங்களையும் பார்ப்பதற்காக.

முற்றத்தை விட்டு இறங்கும்போது டெல்ஃபீன் வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. தேவாலயத்துக்குப் போகும் கார் ஒன்று எங்களைப் பார்த்ததும் யாரோ ஒருவருடைய முற்றத்துக்குள் புகுந்து நின்றது. "அது ஹால்சி வண்டி," என்றார் அப்பா. "அவனுக்கு அந்த வீட்டுக்காரனோட இருபது வருஷமாப் பேச்சு கெடையாது." அடுத்த வளைவில் இரண்டு பெண்கள் பாட்டுப் புத்தகங்களோடு பள்ளத்தைத் தாண்டி மரத்துக்குப் பின்னால் போனார்கள். கை அசைத்தார்கள். அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் தானாக எழுந்தன, பாதியில் நின்றன, பிறகு அவர் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"தபால் பெட்டி," என்றார் கொஞ்ச தூரம் போன பிறகு. "அங்க ஒண்ணு இருந்துச்சே."

"உள்ள தள்ளி நட்டுட்டாங்க."

நான் மெதுவாக ஓட்டினேன். எனக்கு அழுகையாக வந்தது, ஓட்டுகிறவள் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். டேரலின் வளைவு வந்தது. ஹாட்டி மஞ்சள் பூட்ஸ் போட்டுக்கொண்டு சாலையில் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். டிரெய்லரின் கதவு திறந்து, "ஹாட்டி, பச்சை," என்று டேரலின் குரல் வந்தது. கோபமோ பதற்றமோ இல்லாத குரல், மழை வருது உள்ளே வா என்பது மாதிரி. அவள் குச்சியைப் போட்டுவிட்டு ஓடி, பழகிய கால்களால் கல்சுவரில் ஏறி, மேலே போய் நின்றுகொண்டு, வண்டியைப் பார்த்துக் கை அசைத்தாள்.

"அவ எப்பவும் அங்க ஏறி நின்னுதான் கை காட்டுவா," என்றார் அப்பா. "அந்தப் புள்ளைக்கு என்மேல ரொம்பப் பாசம்னு உன்கிட்ட சொல்லிருக்கேன்."

சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு பொம்மைகூட என்னை வாங்கிவரச் சொன்னார்.

"நிறுத்து."

"அப்பா, வேணாம், போயிரலாம்."

"நிறுத்து தாயி."

நிறுத்தினேன். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கதவைத் திறந்து இறங்கி, வண்டியின் முன்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே சுற்றிப் போனார். விளக்குக்குக் கீழே கீறல் இருந்த இடத்தில் விரல்கள் நின்றன, திரும்பவும் ஒருமுறை தடவின. நானும் இறங்கினேன். டேரல் டிரெய்லர்ப் படியிலேயே நின்றான். அப்பா சுவருக்கு அருகே போய், குழந்தைக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். தோள்கள் கூனியிருந்தன. குப்பைக்கிடங்கில் வேட்பாளர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற மனிதர்.

"ஹாட்டி," என்றார். "எறங்கி வா கண்ணு. ஒண்ணும் ஆகாது. நான் ஓட்டல."

அவள் இறங்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை, சிரித்தாள், மறுபடி கை அசைத்தாள். ஆனால் பூட்ஸ் இரண்டும் கல்லின் மேல் அழுத்தமாக ஊன்றியிருந்தன. அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது அவ்வளவுதான், பச்சை ஓடிக்கொண்டிருக்கும்வரை கீழே வரக்கூடாது.

நான் திரும்பிப் போய் வண்டிக்குள் கையை விட்டு என்ஜினை அணைத்தேன். மலை முழுக்கப் பனி உருகி ஓடும் தண்ணீர்ச் சத்தம் திடீரென்று கேட்டது. சாவியை உருவி எடுத்தேன்.

"வாம்மா," என்றார் அப்பா, இந்த முறை கையை நீட்டி.

அவர் நீட்டிய கையை ஹாட்டி பார்க்கவில்லை. அவரைத் தாண்டி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும், சாவியை அவளுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் அவள் முதல் காலைக் கீழே வைத்தாள். அப்பா சுவரைப் பார்த்தபடியே நின்றார், கை நீட்டியபடியே. நான் நின்றது அவருக்குச் சுத்தமாகத் தெரியும் ஓரத்தில்.